பொது ளகரம்

அண்ணாச்சி, அந்தக் குடத்தையெல்லாம் கொஞ்சம் மடியில வச்சுக்கிட்டீங்கன்னா நானும் உக்காந்துக்கிடுவேன். போதும், போதும். இந்தக் குழாய் மட்டும் கொஞ்சம் குறுக்க நிக்கும், ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க. உள்ள மேப் இருக்கு. ஏறும்போதே கண்டக்டர் பிடிச்சுக்கிட்டாரு, பைப்புக்கு லக்கேஜ் போடணும்னு. இது பைப் இல்ல, ஆராய்ச்சின்னு சொன்னேன். ஆராய்ச்சிக்கும் லக்கேஜ் போட்டுட்டாரு.

இத்தனை குடம் வாங்கியிருக்கீங்களே, வீட்ல கல்யாணமா? சீர்ல பிளாஸ்டிக் குடமும் வைக்கிற வழக்கம் இங்கன உண்டோ என்னமோ. எனக்கு இந்தப் பக்கத்துப் பழக்கவழக்கம் ஒண்ணும் தெரியாது. அஞ்சாறு வருஷமா உங்க பக்கத்தைத்தான் ஆராய்ச்சி பண்ணுதேன், ஆனா யுனிவர்சிட்டியை விட்டு ஊருக்குள்ள நேர்ல வாறது இதான் முதல் தடவை.

அப்படிப் பாக்காதீங்க. நான் படிக்கிற படிப்பு அப்படி. சுற்றுச்சூழல் அறிவியல்னு ஒரு படிப்பு. அதுல சாட்டிலைட் படத்தை வச்சுக்கிட்டு, எங்கன தண்ணி நிக்கி, எங்கன மரம் நிக்கி, எங்கன மனுசன் குடியிருக்கான்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுதது என்னோட பிரிவு. தொலையுணர்வுன்னு தமிழ்ல பேரு. தொலைவுல இருந்துதான் உணரணும். கிட்டப் போய்ப் பாத்துட்டா அது வேற டிபார்ட்மெண்ட்.

என் பேரு ஆவுடைநாயகம். திருநெல்வேலிப் பக்கம். பேருக்கு முன்னால இந்நேரம் டாக்டர்னு வந்திருக்கணும். எங்கப்பா மார்பிள்ல பேர்ப் பலகையே அடிச்சு வாங்கிட்டாரு, டாக்டர் ஆவுடைநாயகம்னு. அது கட்டிலுக்கு அடியில சாக்கு போத்திக் கிடக்கு. ஊர்ல ஒரு காலேஜ்ல வேலையும் சொல்லி வச்சிருக்காங்க, பட்டத்தோட வாங்கன்னு. எல்லாம் தயார். பட்டம் மட்டும் வரல. ஒரே ஒரு எழுத்து அண்ணாச்சி. ஒரே ஒரு எழுத்துக்காக ஒரு மனுசனை இந்தப் பாடு படுத்தலாமா, நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க பக்கம் குளத்துக்குப் பேர் போனது. தண்ணி தேங்குனா குளம், அவ்வளவுதான். பெருசு சின்னதுன்னு வித்தியாசம் பாக்கமாட்டோம். அதனாலதான் குளத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு சின்ன வயசுலேயே ஒரு ஆசை. யுனிவர்சிட்டி இந்தப் பக்கம் கிடைச்சுது, அதனால இந்தப் பக்கத்துக் குளம். எந்தெந்தக் குளம் எந்தெந்த நிலத்துக்குப் பாயுது, எத்தனை மாசம் தண்ணி நிக்கி, எது அழிஞ்சுபோச்சு, இதையெல்லாம் மேப்ல கொண்டு வரணும். கைடு டாக்டர் சம்பந்தமூர்த்தி. தங்கமான மனுசன். நான் எழுதிக் கொடுத்ததை ஒரு நாளும் படிச்சு என் மனசைப் புண்படுத்துனது கிடையாது.

ஊரை அவருதான் தேர்ந்தெடுத்தாரு. சின்னக்குட்டைக்காடுன்னு ஒரு ஊர். எனக்குப் பேரைக் கேட்டதும் ஒரு சந்தேகம். சின்னதுன்னாலும் குட்டைன்னாலும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு தடவை சொல்லுதாங்கன்னு. எங்கூர்ல குட்டைன்னா ஆள் உயரம். சரி, ஒரு காலத்துல அந்த ஊர்க்காரங்க கொஞ்சம் உயரம் கம்மியா இருந்திருப்பாங்கன்னு தீசிஸ்ல முதல் அத்தியாயத்துலேயே எழுதிட்டேன். சின்ன நீர்நிலையைத்தான் இங்கன குட்டைங்காங்கன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. நானும் கேக்கல. சொல்லாததைக் கேக்க முடியாதுலா.

சாட்டிலைட் படம் எடுத்துப் பாத்தேன். கோடைகாலத்துப் படம்தான் மேகம் இல்லாம சுத்தமா கிடைக்கும். அதுல பாத்தா ஊர் முழுக்கக் கட்டாந்தரை. தண்ணி ஒரு இடத்துலயும் இல்ல. அப்போ கைடு சொன்னாரு, சாட்டிலைட்ல தெரியாததை ஜனங்ககிட்டக் கேட்டு வாங்குன்னு. ஜனங்ககிட்டக் கேக்கணும்னா போகணும். போனா நான் முன்னாலயே சொன்னேம்லா, அது வேற டிபார்ட்மெண்ட். அதனால ஒரு காலேஜ்ல என்எஸ்எஸ் பிள்ளைங்க கேம்ப் போறாங்கன்னு தெரிஞ்சு, செல்போன்ல ஒரு ஃபார்ம் தயார் பண்ணி அவங்க கையில கொடுத்துவிட்டேன். வீடு வீடா போகணும், கேள்வியை அப்படியே வாசிக்கணும், சொல்லுத பதிலைத் தட்டணும். அந்த வீடு பூமியில எந்த இடத்துல இருக்குன்னு செல்போனே குறிச்சுக்கிடும். ரெண்டே கேள்விதான். உங்கள் குளம் எது. உங்களுக்கு எத்தனை மாதம் தண்ணீர் கிடைக்கிறது.

இங்கனதான் அந்தக் கீபோர்டு என் குடியைக் கெடுத்துச்சு.

இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ்ல விழும்லா, அந்தக் கீபோர்டு. கே, யூ, எல், ஏ, எம். அடிச்சேன். விழுந்தது. அனுப்பிட்டேன். அது போட்ட எழுத்து சின்ன ல. குலம். உங்கள் குலம் எது. நான் கேட்டது குளம், அது எழுதுனது குலம். எனக்குப் பேச்சுல ஒரு கோளாறு உண்டு, அதை மறைக்கல. ளகரம் நாக்குல நிக்காது. பள்ளிக்கூடம்னு சொன்னா பல்லி நுழைஞ்ச மாதிரி எல்லாரும் சிரிப்பாங்க. தமிழ் வாத்தியார் தலையில குட்டிக்கிட்டே கேப்பாரு, ஏல, அது பொது ளகரம்ல, ஊருக்கே பொது, உனக்கு மட்டும் எப்படில இல்லாம போச்சுன்னு. ஆனா அது பேச்சுல. எழுத்துல நான் சுத்தம். கையால எழுதியிருந்தா ள போட்டிருப்பேன். ஆகக்கூடி தப்பு கீபோர்டுது. இதை நான் கமிட்டிக்கு முன்னாலயும் சொன்னேன்.

சரி, கீபோர்டு தப்பு பண்ணிச்சு, அதை வாசிச்ச பிள்ளைங்களுக்குப் புத்தி வேண்டாமா? தண்ணியைப் பத்தின ஆராய்ச்சிக்கு எதுக்குய்யா குலம் கேக்காங்கன்னு ஒரு பிள்ளை யோசிச்சிருக்கணும்லா. பொறவு ஒருத்தனைப் பிடிச்சுக் கேட்டேன். அவன் சொல்லுதான், எல்லா ஃபார்ம்லயும் அதுதான சார் முதல்ல கேப்பாங்கன்னு. அவனைக் குத்தம் சொல்லவும் முடியல.

பதில் வந்து குவிஞ்சுது. ஆந்தை. காடை. பயிரன். தூரன். வீட்டுக்கு வீடு டக்கு டக்குன்னு சொல்லியிருக்காங்க. உங்க பக்கம் கேட்ட உடனே சொல்லுவாங்கல்லா, கூட்டமோ குலமோ ஏதோ சொல்லுதீங்க, ஒரே குலத்துக்காரங்க பங்காளி முறை, அதுக்குள்ள பொண்ணு எடுக்கமாட்டாங்கன்னு. உங்களுக்கு நான் சொல்லணுமா. எங்க பக்கம் அது கிடையாது, எனக்கு எப்படித் தெரியும். எனக்கு வந்ததெல்லாம் குளத்துப் பேரு. அதைப் பாத்ததும் மனசு குளுந்துபோச்சு. ஆந்தைக் குளம்னா கரையில பெரிய பெரிய மரம் இருக்கணும், பொந்து இருக்கணும், ஆந்தை அடையணும். காடைக் குளம்னா சுத்திப் புல்வெளி. பறவைகள் வாழிடம்னு தனியா ஒரு அத்தியாயமே எழுதுனேன். பயிரன் குளம், பாசனத்துக்கு உள்ளதுன்னு பேர்லேயே இருக்கு. தூரன் குளம்னா தூர் வாருன குளம்னு வகைப்படுத்துனேன். பராமரிப்பு நல்லா இருக்கிற நீர்நிலைன்னு அதுக்குப் பச்சைக் கலர் கொடுத்தேன்.

எல்லாத்தையும் மேப்ல ஏத்திப் பாத்தேன் பாருங்க, எனக்கே நம்ப முடியல. ஒரு குளத்துக்காரங்க எல்லாரும் ஒரே தெருவுல. அடுத்த குளத்துக்காரங்க அடுத்த தெருவுல. கத்தி வச்சு அறுத்த மாதிரி இருக்கு. தண்ணி கிடைக்கிற மாசமும் அப்படியே. மேக்கால போகப் போகக் கூடிக்கிட்டே போகுது, கிழக்கால வர வரக் குறைஞ்சுக்கிட்டே வருது. மத்தவங்க ஆராய்ச்சியில புள்ளிங்க எல்லாம் சிந்துன அரிசியாட்டம் கிடக்கும். எனக்கு மட்டும் அடுக்கி வச்ச மாதிரி. கைடைக் கூப்பிட்டுக் காட்டுனேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுட்டுப் பாத்தாரு. இயற்கையில இவ்வளவு ஒழுங்கை நான் பாத்ததே இல்லையேன்னாரு. ஒரு கருத்தரங்குல சிறந்த வரைபடம்னு பரிசு கொடுத்தாங்க. வந்திருந்த ஒருத்தரு, இதை எந்தச் சக்தி இப்படிப் பிரிச்சு வச்சிருக்கோன்னு கேட்டாரு. மண்ணோட தன்மைதான்னு சொன்னேன். கைதட்டுனாங்க.

கிழக்கு ஓரத்துல மட்டும் கொஞ்சம் இடம் வெள்ளையா விழுந்துபோச்சு. அங்கன ஒரு தெரு, சின்னச் சின்ன வீடுங்க. ஒரு வீட்லயும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லல. பிள்ளைங்க குறிப்புல எழுதியிருக்காங்க, கேட்டதும் முகம் மாறிடுச்சு சார், கதவைச் சாத்திட்டாங்கன்னு. ஒரு வீட்ல, அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டிருக்காங்க. குளத்துப் பேரைக் கேட்டா கோவப்படுத மனுசங்களை நான் கேள்விப்பட்டதே இல்ல. சரி, குளம் இல்லாதவங்க, அந்த வருத்தத்துல கோவப்படுதாங்கன்னு எடுத்துக்கிட்டேன். கம்ப்யூட்டருக்கு இந்தக் கோவதாபம் எல்லாம் புரியாது. காலியா விட்டா பூஜ்யம். அதனால அந்த இடத்துக்கு வெள்ளைக் கலர் கொடுத்து, நீர்நிலை இல்லைன்னு கீழ ஒரு குறிப்பு போட்டேன்.

தண்ணி குடிக்கிறீங்களா? பாட்டில்ல இருக்கு. வேண்டாமா? சரி.

இதுக்கு நடுவுல ஒரு ஆபீஸ்ல இருந்து கைடுக்கு லெட்டர் வந்துச்சு. எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, சொல்லக்கூடாது. சின்னக்குட்டைக்காட்டுக்குக் கிழக்க ஒரு குடோன் கட்டப் போறோம், அந்த இடத்துல நீர்நிலை ஏதும் உண்டா, உங்க டிபார்ட்மெண்ட்ல அந்த ஊர் மேப் இருக்கிறதாச் சொன்னாங்கன்னு. கைடு என்னைக் கூப்பிட்டாரு. மேப்பை விரிச்சோம். வெள்ளை. சாட்டிலைட் படத்தைப் பாத்தோம். கோடைகாலம், கட்டாந்தரை. நீர்நிலை இல்லைன்னு நான் டைப் அடிச்சேன், அவரு கையெழுத்து போட்டாரு. அடுத்த மாசமே லாரி லாரியா மண்ணைக் கொட்டி நிரவிட்டாங்களாம். என் ஆராய்ச்சி ஜனங்களுக்குப் பயன்பட்டது அதான் முதல் தடவை. தீசிஸ்ல அதுக்குத் தனியா ஒரு பத்தி போட்டேன், ஆராய்ச்சியின் சமூகப் பயன்னு தலைப்பு வச்சு.

மண்ணைக் கொட்டுத இடத்துல எதுக்கு அத்தனை லாரி மண்ணு வேணும்னு எனக்கு அப்போ தோணல. பள்ளமா இருந்திருக்கும்லா. பள்ளம் எங்கனயும்தான் இருக்கும்.

பொறவு வைவா. பிஎச்டி வைவான்னா என்ன தெரியுமா? நாம செஞ்ச ஆராய்ச்சியைச் சபையில நின்னு சொல்லணும். வெளியூர்ல இருந்து ஒரு பெரிய புரொபசர் வந்து உக்காருவாரு. பொதுமக்கள் யாரு வேணும்னாலும் வரலாம், கேள்வி கேக்கலாம்னு நோட்டீஸ் ஒட்டுவாங்க. அது ஒரு சம்பிரதாயம். பொதுமக்கள்னா அடுத்த லேப் பசங்கதான். சமோசா, மைசூர்பாகு, டீ உண்டு, அதுக்கு வருவாங்க. கடைசியில பொதுமக்கள் கேள்வி கேக்கலாம்னு சொன்னதும், நாம ஏற்கெனவே சொல்லி வச்ச ஒரு சிநேகிதன் எந்திரிச்சு, உங்க எதிர்காலத் திட்டம் என்னன்னு கேப்பான். நாம மனப்பாடம் பண்ணி வச்சதைச் சொல்லுவோம். எல்லாரும் கைதட்டி டாக்டர்னு சொல்லிட்டுச் சமோசாவுக்குப் போயிருவாங்க. இதுவரைக்கும் உலகத்துல பொதுமக்கள் கேள்வி கேட்டு யாருக்கும் பட்டம் நின்னது கிடையாது.

என் வைவாவுக்குப் பொதுமக்கள் வந்துட்டாங்க.

அந்த ஊர்ப் பொண்ணு ஒண்ணு யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல இருந்து படிக்கி. நோட்டீஸ் போர்டுல சின்னக்குட்டைக்காடுன்னு பாத்துட்டு வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கு. எங்கம்மாவும் அப்பாவும் முன்வரிசையில உக்காந்திருக்காங்க, எங்கம்மா பட்டுச்சேலை. கடைசி வரிசையில யாரோ ஒரு அம்மா, கூட நாலஞ்சு பேரு. சமோசா கம்மியாயிருமேன்னு எனக்கு அந்தக் கவலை. அந்தம்மா பேரு மயிலாத்தாளாம். ஊர்ல கிழக்குத் தெருவாம். இதெல்லாம் பொறவு தெரிஞ்சது.

நான் நல்லாத்தான் சொன்னேன் அண்ணாச்சி. ஆந்தைக் குளம் சொன்னேன், காடைக் குளம் சொன்னேன். சமூகப் பயனும் சொன்னேன். பொதுமக்கள் கேள்வி கேக்கலாம்னு சொன்னாங்க. என் சிநேகிதன் எந்திரிக்கப் பாத்தான், அதுக்குள்ள அந்தம்மா எந்திரிச்சிருச்சு. மைக் கொடுத்தாங்க. வாங்கல. சத்தமும் போடல.

"ஏனுங்க தம்பி, இதுல எங்க குட்டை எங்கீங்க இருக்குது?"

எனக்கு ஒண்ணும் விளங்கல. குட்டையா இருந்த முன்னோர்களைப் பத்திக் கேக்குதுன்னு நினைச்சேன். அது முதல் அத்தியாயம்மா, மேப்ல வராதுன்னு சொன்னேன். அந்தம்மா மேப்பையே பாத்துக்கிட்டு நிக்கி. ஆடுமாடு தண்ணி குடிக்கிற குட்டைங்க, அது நெம்பி நின்னாத்தான் எங்க தெரு போர்வெல்லுல தண்ணி ஊறும், இப்ப மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க, கேட்டா மேப்புல இல்லைங்கறாங்க, அந்த மேப்பு இதுதானுங்களான்னு கேட்டுச்சு. ஓ, தண்ணியா, அப்போ நம்ம சப்ஜெக்டுதான்னு எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு. மேப்ல தேடிக் கண்டுபிடிச்சுக் கொடுத்துரலாம்னு, நல்ல எண்ணத்துலதான் அண்ணாச்சி, மைக்கைப் பிடிச்சுக் கேட்டேன். உங்க குளம் எதும்மான்னு.

ஹால் அப்படியே நின்னுபோச்சு. எனக்கு ஏன்னு தெரியல. மைக்ல என் குரல் நல்லாத்தான் கேட்டுச்சு. அந்தம்மா கூட வந்த ஒருத்தரு முன்னால வரப் பாத்தாரு, அந்தம்மா கையைப் பிடிச்சு நிறுத்திருச்சு.

"அன்னைக்கு வூட்டுக்கு வந்த புள்ளைங்களும் இதையேதானுங்க கேட்டாங்க. அன்னைக்கும் சொல்லலீங்க. இன்னைக்கும் சொல்ல மாட்டனுங்க. நான் கேட்டது குட்டைங்க."

அப்போதான் வெளியூர்ல இருந்து வந்த புரொபசர் மெல்ல எந்திரிச்சு, தமிழ்ல பேர் போட்டு மாட்டியிருந்த மேப் பக்கத்துல வந்தாரு. அவரும் உங்க பக்கத்துக்காரருதான். தீசிஸை ரெண்டு மாசம் வச்சிருந்தவரு, இங்கிலீஷ்ல இருந்ததால ஒண்ணும் தோணல போல. கண்ணாடியை இறக்கிக்கிட்டு வாசிக்காரு. ஆந்தை. காடை. பயிரன். தூரன். திரும்பி என்னைப் பாக்காரு. ஏம்ப்பா, இது எல்லாம் குளமான்னு கேட்டாரு. ஆமா சார், ஆந்தை நிறைய அடையுத குளம்னு சொன்னேன். அவரு இன்னொரு தடவை மேப்பை வாசிச்சாரு. பொறவு சொன்னாரு, தம்பி, நானே ஆந்தைதான்னு.

சந்தோஷம் சார்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. என்எஸ்எஸ் பிள்ளைங்க செல்போன்ல அந்த ஃபார்ம் அப்படியே இருந்துச்சு. சின்ன ல. கமிட்டி கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுனாங்க. கைடு என்னைப் பாத்து, எனக்கு அப்பவே சந்தேகம்னு சொன்னாரு. சமூகவியல் டிபார்ட்மெண்ட் புரொபசர் ஒருத்தரு வந்து என் தோளைத் தட்டி, இதை அப்படியே எங்ககிட்டக் கொடுத்துரு, தலைப்பை மட்டும் மாத்துனா போதும், அட்டகாசமான ஆராய்ச்சின்னாரு. எந்த வீட்ல யாரு, யாருக்கு எத்தனை மாசம் தண்ணி, எல்லாம் படம் பிடிச்ச மாதிரி இருக்குன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். நான் இயற்கையைப் படிச்சவன் அண்ணாச்சி. மனுசங்க எப்படிக் குடியிருக்காங்க, யாருக்குத் தண்ணி போகுது, யாருக்குப் போகல, அதெல்லாம் எனக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம். ஆந்தைப் புரொபசர் மட்டும் போகும்போது தனியா கூப்பிட்டு மேப்ல ஒரு காப்பி கேட்டு வாங்கிட்டுப் போனாரு. அவரு பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்காங்களாம், ஆந்தை இல்லாத தெரு எதுன்னு தெரிஞ்சா அலைச்சல் மிச்சம்னாரு. அதுல இருந்து கல்யாணத் தரகர்ங்க எனக்குப் போன் பண்ணுதாங்க. பக்கத்து ஊருக்கும் இதே மாதிரி போட்டுத் தருவீங்களாங்காங்க. பட்டம் கொடுக்கத்தான் ஆள் இல்ல.

எங்கம்மா பட்டுச்சேலையோட சமோசாவைப் பொட்டலம் கட்டிக்கிட்டு இருந்துச்சு. மீந்துபோச்சு. பொதுமக்கள் ஒருத்தரும் தொடல. அந்த மயிலாத்தாம்மா மட்டும் போகாம மேப்புக்கு முன்னாலயே நின்னுச்சு. வெள்ளையா இருந்த இடத்தை விரலால தொட்டுக்கிட்டே என்கிட்டக் கேட்டுச்சு, ஏந்தம்பி, இதுல குட்டையைப் போட்டுட்டீங்கன்னா குட்டை திரும்ப வந்துருங்களான்னு. கட்டாயம் போட்டிரலாம்மா, நானே போடுதேன்னு சொன்னேன். அந்தம்மா முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. நீங்க நல்லா இருக்கோணும் தம்பின்னுச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு அண்ணாச்சி. அத்தனை பேருக்கு முன்னால அழுதேன். வர வேண்டிய பட்டம் கண்ணு முன்னால போகுதேன்னு.

கமிட்டி சொன்னது இதுதான். ஊருக்கு நேர்ல போகணும். கிழக்கால அந்த நீர்நிலை இருந்த இடத்துல நின்னு ஜிபிஎஸ்ல புள்ளி எடுக்கணும். ஊர் ஜனங்ககிட்ட மறுபடியும் கேட்டு, மேப்பைத் திருத்திக் கொண்டு வந்தா பட்டம். அந்த வேலைக்குத்தான் இப்போ போறேன். இன்னைக்கு முடிச்சிட்டா, மார்பிளைச் சாக்குக்குள்ள இருந்து எடுத்திரலாம்.

கஷ்டம் ஒண்ணும் இல்ல. குடோன் வந்துருச்சே, எப்படிப் புள்ளி எடுப்பேன்னு நினைக்காதீங்க. குடோன் வாசல்ல நின்னு எடுக்கலாம். வாட்ச்மேன் விட்டா உள்ளயே போய் எடுக்கலாம். அதைவிட ஒரு நல்ல சேதி இருக்கு. குடோனுக்கு நீலக் கலர்ல கூரை போட்டிருக்காங்க. போன வாரம் புதுச் சாட்டிலைட் படம் வந்துச்சு. கம்ப்யூட்டர் அந்தக் கூரையைப் பாத்துட்டு நீர்நிலைன்னு எடுத்துக்கிடுச்சு. நான் ஒண்ணும் பண்ணல, தானா எடுத்துக்கிடுச்சு. கோடையிலயும் வத்தாத நீர்நிலைன்னு வேற காட்டுது. நான் அதைச் சுத்தி ஒரு கோடு போட்டு, சின்னக்குட்டைக்காடு குட்டைன்னு பேர் போட்டுருவேன். அந்தம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் ஆச்சு, எனக்கும் பட்டம் ஆச்சு. போகும்போது அந்தம்மாவையும் பாத்து மேப்ல ஒரு காப்பி கொடுக்கணும். அதுக்குத்தான் இந்தக் குழாய்.

அதோ, அந்த வளைவைத் தாண்டி நீலமா தெரியுது பாருங்க, அதுதான் போல. எவ்வளவு பெருசு. பழைய குட்டை இந்த அளவு இருந்திருக்குமான்னு தெரியல. ஒரு விதத்துல முன்னேற்றம்தான்.

நீங்க எங்கன இறங்கணும்? டிக்கெட்டைக் காட்டுங்க. அட, சின்னக்குட்டைக்காடுதானா. இவ்வளவு நேரம் சொல்லாம வாறீங்களே. ஊர்க்காரரைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு நான்பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கிட்டு வாறேன். எந்தத் தெரு? கிழக்காலயா? அப்போ மயிலாத்தாம்மாவைத் தெரிஞ்சிருக்குமே. அந்தப் பக்கம் தண்ணி லாரிதான் வருதாமே இப்போ, ஹாஸ்டல் பொண்ணு சொன்னா. ஓ, அதுக்குத்தானா இத்தனை குடம். நான் கல்யாணம்னு நினைச்சேன்.

ரொம்ப நல்லதாப் போச்சு அண்ணாச்சி. ஊருக்குள்ள போய் யாரைப் பிடிக்கன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன், உங்ககிட்ட இருந்தே ஆரம்பிச்சிரலாம். பயப்படாதீங்க, இந்தத் தடவை ஃபார்ம் கிடையாது, கீபோர்டு கிடையாது. அதுங்களை நம்பிப் பட்டது போதும். ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே நேர்ல நின்னு, என் வாயால கேக்கப் போறேன். அப்போ தப்பு வர வழியே இல்லைலா. குடத்தைக் கீழ வச்சுட்டு நிதானமாச் சொல்லுங்க. உங்க குலம் எது?

என்ன அண்ணாச்சி, எந்திரிச்சிட்டீங்க. ஸ்டாப் இன்னும் வரலையே.